பதிவுத் தபாலில் வந்த பரீட்சை அழைப்பு

தபாலதிபர் ம. எமிலியானுஸ் ஐயா அவர்களுக்கு, 1989ஆம் ஆண்டு ஓய்வுபெறும் நாளில் கந்தோர் ஊழியர் வாசித்தளித்த மடல்

கரம்பொன் ஊர் தந்த கண்ணியவானே! கடல் கடந்து வந்தும் கடமைக்குக் காலம் தவறாத பெருந்தகையே! முத்திரையின் மை காயுமுன் முகவரியின் பிழை காணும் கூர்விழியாளரே! வணக்கம்.

வாடைக் காற்றிலும் சோளகக் காற்றிலும் வள்ளமேறி வந்து, முப்பத்தாறு ஆண்டுகள் இச்சிறு தீவின் தபாற்கந்தோரைக் கட்டிக் காத்தீர்கள். பிறப்பையும் இறப்பையும், பரீட்சை முடிவையும் கலியாணச் சேதியையும் தங்கள் விரல்கள் தந்தியில் தட்டின. அத்தனையும் அடுத்தவர் சொற்கள். தமக்கென ஒரு சொல் அனுப்ப அவ்விரல்கள் ஆசைப்பட்டன. அதற்காகவே அமெச்சூர் வானொலியாளர் அனுமதிப்பத்திரம் கேட்டுக் கொழும்புக்கு விண்ணப்பித்தீர்கள். பரீட்சையில் தேறினால் தங்களுக்கென ஓர் அழைப்புக்குறி. வீட்டிலிருந்தே உலகத்தோடு பேச உரிமை!

மத்தியானச் சோற்றுப் பொதியைப் பிரிக்காமல், சொந்தக் கையால் பொருத்திய வானொலிப் பெட்டியில் காதுவைத்து, யப்பானிலும் ரஷ்யாவிலும் எவரோ தட்டுவதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். “நீங்களும் பதில் சொல்லுங்கோவன், ஐயா” என்றால், “பத்திரம் வரட்டும். அதுக்கு முதல் ஒரு புள்ளி தட்டினாலும் களவுதான்” என்பீர்கள்.

அத்தகைய நேர்மையால் எங்களையும் படாதபாடு படுத்தினீர்கள்! ஒருவரின் பதிவுக் கடிதத்தைத் தபாற்காரர் யாகப்பு இரக்கப்பட்டு அவர் மைத்துனரிடம் கொடுத்துவிட்டார். அதற்கு மூன்று பக்க விளக்கம் எழுதி வாங்கினீர்கள். உரியவர் கையெழுத்து, இல்லையேல் பதினைந்தாம் நாள் திருப்பி அனுப்புதல். எவருக்கும் விலக்கில்லை என்றீர்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரையில், துணைவியாரின் சத்திரசிகிச்சைக்காகத் தாங்கள் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, அந்தப் பரீட்சைக்கான அழைப்பு பதிவுத் தபாலில் வந்தது. உறைக்குள் இருப்பது என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். எழுதுவினைஞர் பரிமளம் நாள்தோறும் அதை எடுத்துப் பார்த்து, மீண்டும் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஆசுபத்திரிக்கு அனுப்பலாமென்றால் தங்கள் எழுத்துமூல வேண்டுகோள் இல்லை. பதினைந்தாம் நாள், தாங்கள் கற்பித்தபடியே, திருப்பி அனுப்பினார். மறுநாள் தாங்கள் வந்திறங்கினீர்கள்.

“உங்கட கடிதம் எண்டு தெரிஞ்சும் அனுப்பிப்போட்டன், ஐயா” என்று அவர் தலைகுனிந்து நின்றார்.

“தெரிஞ்சும் அனுப்பினீர் பாரும், அதுதான் சரி” என்று சொல்லிப் பதிவேட்டில் ஒப்பமிட்டீர்கள். அன்று மத்தியானம் தாங்கள் பெட்டியைத் திறக்கவில்லை.

அடுத்த பரீட்சை ஆவணியில் என்றார்கள். ஆடிக் கலவரம் முந்திக்கொண்டது. கொழும்புப் பயணம் எவராலும் நினைக்கவே ஏலாத ஒன்றாயிற்று. பிறகு தந்திக்கம்பியும் அறுந்தது. தட்ட வேலையின்றித் தங்கள் விரல்கள் மேசை விளிம்பைத் தட்டின. மூன்று முறை மீண்டும் விண்ணப்பித்தீர்கள். மூன்றுக்கும் மறுமொழி இல்லை. வராத வள்ளத்தையும் வராத தபாற்பையையும் பார்த்துப் பார்த்து நாங்களும் களைத்துவிட்டோம், ஐயா. ஆனால் அந்த ஒரு கடிதம் வந்தது. நாங்களே திருப்பி அனுப்பிவிட்டோம். ஆறாண்டாகப் பரிமளம் அப்பதிவேட்டைக் கையால் தொடுவதில்லை. இம்மடலை வாசிப்பவரும் அவரே. குரல் தடுமாறினால் பொறுத்தருளுங்கள்.

சென்ற மாதம், அறுபது வயது நிறையும் தறுவாயில், நான்காம் முறையாக விண்ணப்பித்தீர்கள். முகவரியாகத் தங்கள் வீட்டை எழுதவில்லை, இக்கந்தோரையே எழுதியிருந்தீர்கள். அதைக் கண்ட பரிமளம், குத்திய முத்திரையைத் தூக்காமலே நின்று அழுதார்.

பெருந்தகையே! இனியாவது அலைச்சலின்றி, துணைவியாரோடு உடல்நலமும் மனநிறைவும் பெற்று நெடுங்காலம் வாழுங்கள். இனி வரப்போகும் அழைப்புக் கடிதத்துக்குக் கையெழுத்திடத் தாங்களே வேண்டும். அது வந்தால், பதினைந்து நாளானாலும் பதினைந்து மாதமானாலும், இங்கிருந்து திரும்பிப் போகாது. வள்ளம் ஓடும் நாள்வரை வைத்திருந்து, பரிமளமே கரம்பொனுக்குக் கொண்டுவந்து தங்கள் கையில் தருவார்.

இது விதிமீறல் என்பதை அறிவோம். மூன்று பக்க விளக்கத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டோம்.

தங்கள் கீழ்ப் பணியாற்றிய
பரிமளம், யாகப்பு, கதிர்காமு