முந்நூற்றுப் பன்னிரண்டு தகடுகள்

தகரத்துக்குப் பெயின்ட் அடிப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது, ஐயா. துருவைச் சுரண்டாமல் அடித்தால் ஒரே மழையில் உரிந்துவிடும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை கல்லறைகளின் எண் தகடுகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்படித்து, எண்ணை வெள்ளையில் எழுதிக் காயவைத்து மாட்டுவேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு தகடு தவறி இடம் மாறியதில்லை.

நீங்கள் விசாரிக்கிற அந்தப் பெண் ஓவியரின் எண் நூற்று நாற்பத்தொன்று. அவருடைய அப்பா ஒரு நாடு, அம்மா ஒரு நாடு. இருந்தவரை இரண்டு நாடும் அவருக்குக் குடியுரிமை தரவில்லை. இவன் அவனைக் கேள் என்றான், அவன் இவனைக் கேள் என்றான். கடைசியில் மூன்றாவது நாடான இங்கே, ஒரு சலவைக்கடை மாடியில் செத்தார். அடக்கத்துக்கு மகளும் சலவைக்கடைக்காரரும் வந்தார்கள். பெட்டியை இறக்கியவன் நான்.

பதினோரு ஆண்டு கழித்து அவர் படங்களுக்கு எங்கோ பெரிய பெயர் வந்ததாம். உடனே இரண்டு தூதரகத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். எலும்பை எடுத்துப்போய் மண்டபம் கட்டப் போகிறார்களாம். அவர் தலைமாட்டிலேயே நின்று சண்டை போட்டார்கள்.

"அப்பா எங்க நாட்டுக்காரர் சார். அந்த ரத்தம்தான் வரைஞ்சது."

"பெத்தவ எங்க நாட்டுக்காரி. உங்காளு என்ன, பத்து மாசம் சுமந்தாரா?"

ஒரு வாய்த் தண்ணீர் தராதவர்கள் செத்தபின் பங்காளிகள் ஆனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பாவும் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள்தான். பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பாதி' என்பார்கள். "டேய் பாதி, இன்னிக்கு எந்தப் பாதி வந்திருக்கு?" என்று வாத்தியாரே கேட்பார். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

தோண்டத் தேதி குறித்த வாரமும் பெயின்ட் அடிக்கிற வாரமும் ஒன்றாக வந்தன. அவர் இவர்கள் கையில் சிக்காமலிருக்க அந்த ஒரு தகட்டை மட்டும் மாற்றினால் ஏதாவது ஒரு குடும்பம் கண்டுபிடித்துவிடும். யோசித்தால் உங்களுக்கும் புரியும். கல் வைக்க வசதியில்லாதவர்களின் பகுதி அது. எல்லாம் ஒரே மாதிரி மண்மேடு. பட்டப்பகலில், வெயிலில் காய்ந்துகொண்டிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு தகடுகளையும் சீட்டுக்கட்டுபோலக் கலைத்து மாட்டினேன். எந்த எண் எங்கே என்று காட்டும் கல்லறைத் தோட்ட வரைபடத்தை அடுப்பில் போட்டேன்.

சிலர் கேட்கத்தான் செய்தார்கள். இத்தனை நாள் நீங்கள் நின்றதுதான் தப்பான இடம், பதிவேட்டைப் பார்த்துச் சரிசெய்திருக்கிறேன் என்றேன். தங்கள் கண்ணைவிட என் எண்ணை நம்பினார்கள். பஸ் கண்டக்டர் அம்மா ஒருவர், ஆற்றில் போன மகளுக்கு வாரா வாரம் ஊர்க்கதை சொல்ல வருவார். இப்போது அந்தக் கதையை மண்ணுக்குள் ஒரு கிழவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் அந்த அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அழுது முடித்தால் மனசு லேசாகிவிடும். கீழே யார் இருந்தால் என்ன?

தோண்டி எடுத்தது ஆணின் எலும்பு என்று பரிசோதனையில் தெரிந்தது. எலும்போடு ஒப்பிட ரத்தம் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஓவியரின் மகள், நேராக என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அம்மா இங்கேயே இருக்கட்டும். அவங்க யாருக்கும் தர வேணாம். எது எங்கம்மான்னு மட்டும் காட்டுங்க. ஒரு தடவ தொட்டுட்டுப் போயிடறேன்."

நியாயமான கேள்விதான். ஆனால் காட்டினால் கல் வைப்பார். கல் வைத்தால் ஆள் வரும். நினைவில்லை என்று சொல்லி, பஸ் வரை கூடப்போய் ஏற்றிவிட்டேன்.

நினைவிருக்கிறது. தினமும் காலையில் அங்கேதான் நிற்கிறேன். நீங்கள் என்ன செய்தாலும் காட்ட மாட்டேன்.

அவர் வரைந்த படம் ஒன்றையாவது பார்த்ததுண்டா என்று கேட்டீர்கள். இல்லை, ஐயா. படத்தைப் பார்க்கிறவன் எல்லாம் பங்கு கேட்டு வருகிறான். எனக்கு எதற்குப் படம்? என்னிடம் அவர் முழுசாக இருக்கிறார்.