கிளை இல்லாத வழி

அதிகாலை நாலரை மணி. கொரியாவில் இன்ஜே ஊருக்கு மேலே, உறைந்த ஏரிக்கு இறங்குகிற மலைச்சாலை. ஒரு விளக்கில்லை, ஒரு நாயில்லை. ஒரே ஒரு வண்டி போகிறது. ஓட்டுகிறவர் மான்போக்... நம் ஹான்சலின் சித்தப்பா. சந்தேகமிருந்தால் அவனையே கேளுங்கள், அதோ போர்வைக்குள் இருக்கிறான். ராம்யன் நூடுல்ஸ் உறிஞ்சுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். இந்தக் கதையில் சத்தம் முக்கியம்.

நாளைக்கு நாமும் அதே ஏரியில் மீன் பிடிக்கப் போகிறோம். சட்டம் தெரிந்திருக்கட்டும். பனிக்கட்டியில் கையகலத் துளை போட்டால் அப்படியே விட்டு வரலாம். ஆள் விழுகிற அளவுக்கு வெட்டினால், கிளம்பும்போது அதில் ஒரு பைன் கிளையை நட்டுவிட வேண்டும். கிளை நின்றால் குழி. கிளை இல்லையென்றால் நடக்கலாம். அவ்வளவுதான். யாரது சிரிப்பது? சிரியுங்கள்.

முந்தின குளிர்காலம் மான்போக்கின் தூண்டிலில் தொடையளவு கெண்டை ஒன்று மாட்டியது. துளை வழியாக வரவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு துளை போட்டு, மூன்றையும் ஒன்றாக வெட்டி மீனை இழுத்துப் போட்டார். கிளையும் நட்டார். நாலடி நடந்ததும் ஒரு யோசனை. கிளையைப் பார்த்தால் பெரிய மீன் கிடைக்கிற இடம் தெரிந்துவிடுமே... அதிலும் தால்சு பார்த்துவிட்டால்? தால்சு அவருக்கு முப்பது வருஷக் கூட்டாளி. திரும்பிப் போய்க் கிளையைப் பிடுங்கி எறிந்தார்.

ராத்திரி குழியின்மேல் பாலேடு போல மெல்லிசாக உறைந்தது. அதன்மேல் பனி தூவியது. காலையில் தால்சு அதில் கால் வைத்தார்.

இழவு வீட்டில் மான்போக் மாட்டிறைச்சிச் சாறு இரண்டு கிண்ணம் குடித்தார். தால்சுவின் மனைவி ஓக்புன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கிளை நட்டீங்களா, அண்ணே?"

"நட்டேம்மா. காத்து கொண்டுபோயிருக்கும்."

அவள் மூன்றாவது கிண்ணம் ஊற்றிவிட்டுப் போனாள்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, அந்த அதிகாலை. மான்போக் தனியாக ஏரி நடுவில் உட்கார்ந்து துளை போட்டார். பனிக்கட்டி ஓரடி கனம். லாரியே ஓட்டலாம். தூண்டில் இறக்கினார். டுக்... டுக். இழுத்துப் பார்த்தால் மீனில்லை. கொக்கி நிறைய பைன் ஊசி. பச்சை. இப்போதுதான் ஒடித்தது போலப் பிசின் வாசனை.

தூண்டிலைக்கூடச் சுருட்டாமல் எழுந்து கரையைப் பார்த்து நடந்தார்.

டொக்.

பத்தடி முன்னால், பனிக்கட்டியைக் கீழிருந்து குத்திக்கொண்டு ஒரு கிளை எழுந்தது. டொக். இடப்பக்கம் ஒன்று. டொக்... டொக்... டொக். தலையில் மாட்டிய விளக்கு திரும்பிய பக்கமெல்லாம் கிளை. தண்ணீர் சொட்டச் சொட்ட.

ஐந்து இருபதுக்கு ஹான்சலின் போன் அடித்தது.

"டேய், தால்சு வந்துட்டான்டா!"

"எந்தத் தால்சு, சித்தப்பா? விடியறதுக்குள்ள ஊத்திக்கிட்டீங்களா?"

"சுத்திலும் கிளை நட்டுட்டான். ஏரி பூரா குழிடா... இரு, இரு. ஒரு வழி விட்டிருக்கான். கரை வரைக்கும் ஒரு கிளைகூட இல்ல. அதுல போயிடறேன்."

மூச்சு. கர்க்... கர்க்... பூட்ஸ் ஆணிகள். சித்தப்பா லேசாகச் சிரித்தார்.

"பாத்தியா? என்ன இருந்தாலும் கூட்டாளி கூட்டாளிதான்."

அப்புறம் ஒரு சத்தம். பெரிதாக ஒன்றுமில்லை. முட்டை ஓடு உடைகிற அளவுதான்.

விடிந்ததும் போலீஸ் போனது. ஏரி முழுக்க ஓரடி கனம், ஒரு விரிசல் இல்லை. அவர் சொன்ன கிளைகளும் இல்லை. காலடித் தடம் மட்டும் கரையைப் பார்த்து நேராகப் போய், பாதியில் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் ஒரே ஒரு பைன் கிளை, சட்டப்படி நட்டிருந்தது. அதைச் சுற்றிப் போன மாதமே உறைந்தது போலப் பாறையாகப் பனிக்கட்டி. இரண்டு பேர் பிடித்து ஆட்டினார்கள். கீழே யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி... அசையவில்லை.

ஊரே கரையில் கூடி நின்றது. இதை நட்டது யார் என்று போலீஸ்காரர் கேட்டார்.

ஓக்புன் மட்டும் சொன்னாள்.

"காத்து கொண்டுவந்திருக்கும்."