கிராக்கோவ் – ஓஸ்லோ, ரெண்டு மணி நேரம்

போஜெனா: ...இல்ல லெஷெக், போனை வைக்காத. உன் விமானம் எறங்கி எவ்வளவு நேரமாச்சு! வந்தவங்க எல்லாரும் என்னைத் தாண்டி வெளிய போயாச்சு. நீ எங்கய்யா நிக்கிற?

லெஷெக்: ஓஸ்லோலதான். உள்ள. பெட்டி இன்னும் வரல.

போஜெனா: நீ கொண்டு வரேன்னது ஒரு கைப்பையும் நாலு முழம் சாசேஜும்.

லெஷெக்: ஆமா... அந்தச் சாசேஜைத்தான் சோதிக்கிறாங்க போல...

போஜெனா: அங்க என்ன, மாடு கத்துது?

லெஷெக்: நார்வேல... விமான நிலையத்துலயும் மாடு வளப்பாங்களோ என்னமோ.

போஜெனா: லெஷெக்!

லெஷெக்: சரி சரி, கத்தாத. நான் வரல. ஏறுனேன்... எறங்கிட்டேன்.

போஜெனா: எறங்கிட்டியா! ஞாயித்துக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம்யா. நம்ம பொண்ணு கிங்கா அதுக்கு உங்கம்மா பேரை வைக்கப்போறா...

லெஷெக்: தெரியும்டி. பெல்ட்டு மாட்டுற வரைக்கும் வீரன்தான். பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு, "தாத்தா, பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கோ"ன்னுச்சு. பிடிச்சேன்...

போஜெனா: அப்புறம்?

லெஷெக்: "வலிக்குது"ன்னு அழுதுடுச்சு.

போஜெனா: அட கடவுளே...

லெஷெக்: கதவு சாத்துறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிட்டேன். காலமெல்லாம் டிராம் ஓட்டுனவன் நான். கீழ தண்டவாளம் இருக்கணும். விமானம் ஆகாசத்துல எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, சொல்லு?

போஜெனா: ஆயிரத்து இருநூத்துச் சொச்சம் கிலோமீட்டர். ரெண்டு மணி நேரம். ஒரு குட்டித் தூக்கம்...

லெஷெக்: இதையேதான் டிப்போவுல அளந்து விட்டேன். "கிராக்கோவ்ல காப்பி குடிச்சா, ஓஸ்லோலதான்டா ஏப்பம்"னு. வழியனுப்ப ஒரு கூட்டமே வந்துச்சு. அவனுங்க கண்ணுல படாம குப்பை வண்டிக்குப் பின்னால ஒளிஞ்சு வெளிய வந்தேன்.

போஜெனா: இப்ப வீட்டுலயா இருக்க?

லெஷெக்: பஸ்ல. சாப்பாட்டுக்கு நிறுத்தியிருக்கான். வடக்க கடலோரம் போயி கப்பல். அப்புறம் ஸ்வீடன் முழுக்க பஸ்ஸுதான். நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவேன்... இடுப்பு மிச்சம் இருந்தா.

போஜெனா: ...

லெஷெக்: திட்டுடி. நீ பேசாம இருந்தா விமானத்தை விட பயமா இருக்கு.

போஜெனா: கிங்காகிட்ட என்னய்யா சொல்றது?

லெஷெக்: உள்ளதைச் சொல்லு. உங்கப்பன் கோழைன்னு. ஆனா உங்கம்மா அப்படியில்ல, போன மாசம் உன் பிரசவத்துக்குத் தனியா பறந்து வந்த சிங்கம்னு...

போஜெனா: லெஷெக்... கப்பல்ல மேல் தட்டுக்குப் போகாத, குடலைப் பெரட்டும். கீழ, நடுவுல, சூப்பு விக்கிற எடத்துக்குப் பக்கத்துல நீளமா ஒரு சோபா இருக்கும். ஓடிப்போயி அதுல படுத்துடு.

லெஷெக்: ம்ம்... ஏய்! உனக்கு எப்படித் தெரியும்? விமான நிலைய வாசல்ல நான்தானே உன்னை விட்டேன்? மேகத்தையெல்லாம் படம் பிடிச்சு அனுப்புனியே!

போஜெனா: அது கப்பல் ஜன்னல்லேருந்து எடுத்ததுய்யா. கடல் தெரியாம போனைச் சாய்ச்சுப் பிடிக்கிறதுக்குள்ள மூணு தடவை வாந்தி எடுத்தேன்.