மூண்டாம் சனல்

மத்தியானம் பன்னிரண்டே முக்கால். ஒட்டுசுட்டானுக்கு அங்கால காட்டு றோட்டு. ஆள் இல்லை, மாடு இல்லை… ஓமடா அஸ்வர், மத்தியானம்தான். பேய் என்ன உன்ட வாப்பாவோ, இருட்டினாப் பிறகுதான் வெளிக்கிட்டு வாறதுக்கு? பேசாம இரு. அந்த போன் லைட்டையும் நிப்பாட்டு, கண்ணுக்க குத்துது. கரண்ட் வரேக்க வரட்டும்.

இது என்ட கூட்டாளி யோகநாதன்ட மனிசியின்ட தம்பிக்கு நடந்தது. நிருஷன் எண்டு பேர். மிதிவெடி எடுக்கிற நிறுவனமொண்டில அம்புலன்ஸ் ஓடினவன். அந்த அம்புலன்சுக்கு வோக்கி செற் பூட்டினது நான். அப்ப எனக்கு அதுதானே தொழில்.

அவங்கட வேலை எப்பிடியெண்டா, காட்டுக்குள்ள நாலு குழு பிரிஞ்சு நிக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சனல். அம்புலன்ஸ் வெளியில, றோட்டுக்கரையில நிக்கும். செற் ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டு சுத்திச் சுத்தித் தேடிக்கொண்டே இருக்கும். எதில ஆள் கதைச்சாலும் அதில போய் நிண்டு கேக்கும். ஸ்கான் எண்டு சொல்லுறது. உள்ளுக்க போன் எடுபடாது. செற்தான் அவங்களுக்கு எல்லாம்.

போன வருசம் ஆவணி. அண்டைக்கு விடியத் துடங்கி மூண்டாம் சனலில ஒரே இரைச்சல். கர்ர்ர்… கர்ர்ர்… ஸ்கான் போய்ப் போய் அதிலயே நிக்குது, மற்றக் குழுக்கள் கதைக்கிறது கேக்குதில்லை. நிருஷன் எனக்குக் கோல் எடுக்கிறான். நான் சாப்பாட்டில. கை முழுக்கச் சோறு.

"பாஹிம் அண்ணை, இந்த மூண்டு விசராக்குது. என்ன செய்ய?"

"அதில நிக்கேக்க பக்கத்துப் பட்டனை அமத்திப் பிடி. ரெண்டு பீப் கேக்கும். பிறகு அந்தச் சனலுக்குப் போகாது" எண்டன். போனை வச்சிட்டன்.

சொல்லாம விட்டது ஒண்டே ஒண்டுதான். செற்றை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டாத்தான் மூண்டு திரும்பி வரும். அதுவரைக்கும் அதில ஆர் கத்தினாலும் அம்புலன்சுக்குக் கேக்காது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் போயிருக்கும்? மீன் ஆணம் ஆறப்போகுது எண்டு போனை வச்சனான். வல்லாஹி, இண்டைக்கும் மீன் ஆணம் எனக்குத் தொண்டையால இறங்காது.

மூண்டாம் குழுவுக்குப் பொறுப்பு பிரியந்தினி எண்டொரு பிள்ளை. முப்பத்தஞ்சு வயசு. புருசன் இல்லை, ஒரு மகள் மட்டும். பத்தை வெட்டேக்க குளவிக்கூடு கலைஞ்சிட்டுது. மற்றவை ஓடித் தப்பீற்றினம். அவாவுக்கு முகத்தில, கழுத்தில, வாய்க்குள்ள… அம்புலன்சில ஊசி இருக்கு. போடுற ஆளும் இருக்கு. ஏழு நிமிசத்தில போகலாம். அவா செற்றை வாயோட பிடிச்சுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவாவாம். ஓடின பெடியன் ஒருத்தன் திரும்பிப் பாத்தவன், அவன்தான் சொன்னது.

அவன் ஓடி வந்து அம்புலன்ஸ் கதவில அடிக்கேக்க இருவத்தைஞ்சு நிமிசம் போயிட்டுது. சனல் அமைதியா இருக்கெண்டு நிருஷன் அதுவரைக்கும் நிம்மதியா இருந்திருக்கிறான்.

"பாஹிம் நானா, அப்ப உங்கட பிழைதானே?"

ஓமடா அஸ்வர். என்ட பிழைதான். பொறு, இன்னும் இருக்கு.

அடுத்த நாள் விசாரணை. செற்றைச் சோதிக்க என்னையே கூப்பிட்டினம். பற்றரியில இருந்து நேரா வயர் குடுத்து வச்சனான், வாகனம் நிண்டாலும் செற் நிக்காது. பாக்கிறன்… ஒண்டு, ரெண்டு, நாலு. ஒண்டு, ரெண்டு, நாலு. மூண்டு இல்லை. நிருஷன் என்ட முகத்தைப் பாக்கிறான். நான் செற்றை நிப்பாட்டினன். திரும்பப் போட்டன். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. அவ்வளவுதான். 'செற்றில பிழை இல்லை' எண்டு எழுதிக் கையெழுத்து வச்சன். பிழை முழுக்கச் செத்தவாவில விழுந்துது. பதகளிச்சுப்போய்க் கதைக்கிற பட்டனைச் சரியா அமத்தேல்லையாம்.

மூண்டு கிழமை போச்சு. அந்தக் குழுவைக் கலைச்சாச்சு, மூண்டாம் சனலில கதைக்க ஆளே இல்லை. அப்பதான் ஒருநாள் மத்தியானம் நிருஷன் நான் முதல் சொன்ன காட்டு றோட்டில தனிய வாறான். கண்ணாடி எல்லாம் பூட்டி, ஏசி போட்டிருக்கு. ஸ்கான் மூண்டில போய் நிக்குது. கர்ர்ர் எண்டு இல்லை. ங்ங்ங்… குளவி இரையிற சத்தம். அதுக்குள்ள ஆரோ மூச்சை இழுக்கினம். பட்டனை அமத்தினான். ரெண்டு பீப். மூண்டு போயிட்டுது. அடுத்த சுத்தில திரும்ப மூண்டு… திரும்ப அமத்தினான். திரும்ப மூண்டு. செற்றையே நிப்பாட்டினான். லைட் நூந்திட்டுது. சத்தம் நிக்கேல்ல. பூட்டின வாகனத்துக்குள்ள அப்பதான் பத்தை வெட்டின பச்சை மணம்.

வாகனத்தை நடு றோட்டில விட்டிட்டு நடந்தே ஒட்டுசுட்டானுக்கு வந்தவன். பிறகு ஸ்டீயரிங்கைத் தொடேல்ல. இப்ப பரந்தனில ஒரு கடையில நிக்கிறான். நான் என்ன செய்தனான்? "பயந்தாங்கொள்ளி" எண்டு சிரிச்சனான். செற்றைக் கழட்டிக்கொண்டு வந்து என்ட கடையில றாக்கையில போட்டன். வயர் இல்லை, அன்ரனா இல்லை. வெறும் பெட்டி.

போன மாசம் பிரியந்தினியின்ட மகள் கடைக்கு வந்தது. பள்ளிக்கூட உடுப்போட, தனிய. முல்லைத்தீவில பஸ் மாறி, விசாரிச்சு விசாரிச்சு வந்திருக்கு.

"நீங்கள்தானே மாமா செற்றைப் பாத்தது? அம்மா கூப்பிட்டவாவோ, இல்லையோ? அம்மாவுக்கு வேலை தெரியாது, அதாலதான் செத்தவா எண்டு எல்லாரும் சொல்லுகினம்."

ஒரு சொல். 'கூப்பிட்டவா' எண்டு ஒரு சொல் சொன்னாப் போதும் அந்தப் பிள்ளைக்கு. நான் பாவி என்ன சொன்னன் தெரியுமோ?

"இல்லை மகள். ஒண்டும் வரேல்ல."

பிள்ளை அழேல்ல. என்னைப் பாக்கவும் இல்லை. எனக்குப் பின்னால, செற் கிடந்த றாக்கையையே பாத்துக்கொண்டு நிண்டுது. எனக்கு ஒண்டும் கேக்கேல்ல. அல்லாஹ் அறிய, ஒண்டுமே கேக்கேல்ல. ஃபான் சுத்துற சத்தம் மட்டும்தான்… பிள்ளை மெல்லமாக் கேட்டுது.

"மாமா… அம்மா உங்களைத்தானே பேர் சொல்லிக் கூப்பிடுறா. ஏன் பதில் சொல்லாம நிக்கிறியள்?"