அமைதி நிலை

“ஃபேன் சத்தத்த வச்சே எந்த மெஷின்னு சொல்லிடுவியாமே, நெஜமா?” என்று கடைக்கு வந்த அக்கா ஒருவர் ஒருமுறை கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். “தெரியும்க்கா. ஆனா வாயத் தெறந்து சொல்ல வைக்கிறது உங்க சாமர்த்தியம்” என்றான் பக்கத்தில் நின்ற என் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பள்ளியை விட்டு நின்றதிலிருந்து எனக்காகப் பேசுகிறவன் அவன்தான்.

கேமிங் கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. ஒவ்வொரு மெஷினிலும் அதைத் தயாரித்த கம்பெனியின் கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவுவேன். ஃபேன் வேகம், விளக்கு நிறம், மெஷின் எவ்வளவு சக்தியோடு ஓட வேண்டும், எல்லாம் அதன் கையில். எந்த விளையாட்டைத் திறந்தால் எந்த நிலைக்கு மாற வேண்டும் என்றும் சொல்லி வைக்கலாம். விளையாட்டுக்கு ‘உச்சம்’. படிக்க, எழுத ‘அமைதி’.

கம்ப்யூட்டர் விளையாட்டில் கெட்டிக்காரனான அண்ணனை வெளியூர் கேமிங் அணி ஒன்று, வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஆடும் தேர்வு ஆட்டங்களுக்கு அழைத்தது. தேறினால் அவர்களோடு போய்த் தங்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள், அவனுக்கு ஒத்துவராது. அதனால் அவன் மெஷினில் அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் ‘அமைதி’ என்று மாற்றினேன். இரண்டு நிமிட வேலை. படம் உடையாது. அவன் அழுத்துவதற்கும் அது நடப்பதற்கும் நடுவே ஓர் இமைப்பொழுது கூடும், அவ்வளவுதான். அவன் காதில் ஹெட்போன். ஃபேன் அடங்குவது அடுத்த அறையில் எனக்குத்தான் கேட்கும்.

மூன்று ஆட்டம் தோற்ற பிறகு, “மெஷின்ல ஏதாவது கோளாறான்னு பாரேன்” என்றான்.

பார்த்தேன். “மெஷின் நல்லா இருக்குண்ணா. உன் கைதான் லேட்டாகுது.”

அவ்வளவு நீளமாக நான் பேசுவது அரிது. அதனாலேயே நம்பினான்.

முதல் டாக்டர் கையில் ஒன்றுமில்லை என்றார். அவன் விடவில்லை. இன்னொருவரைத் தேடிப் பிடித்தான். அவர் வலது மணிக்கட்டில் சின்ன ஆபரேஷன் என்றார். ஆபரேஷனுக்கு முந்தின நாள், “செஞ்சுக்கட்டுமா, வேணாமா? நீ சொல்லு” என்று என்னிடம் கேட்டான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் இயல்பிலேயே அதிகம் பேசாதவள்.

காயம் ஆறிவிட்டது. இரண்டு விரல்கள் மரத்தே இருக்கின்றன. காலையில் அவன் சட்டைப் பொத்தான்களை நான்தான் போட்டுவிடுகிறேன். வீடு பழையபடி ஆகிவிட்டது.

நேற்று அவன் மெஷினை விற்கக் கடைக்குக் கொண்டுவந்தான். எங்கள் கடையில் ஒருவருக்கு ‘மின்னல்’ என்று பட்டப்பெயர். ஒரு திருகாணியைக் கழற்ற அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார். அவர் மெஷினை ஓடவிட்டு, மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டு, “யாருப்பா இந்த கேமுக்கு அமைதி போட்டது? குதிரையக் கட்டிப் போட்டுட்டு ஓடு ஓடுன்னா எப்படி ஓடும்?” என்றார். உச்சத்துக்கு மாற்றி, “இப்ப ஆடிப் பாரு தம்பி” என்று விலகினார்.

அண்ணன் இடது கையால் ஆடினான். பழக்கமில்லாத அந்தக் கைக்குக்கூட மெஷின் உடனே பணிந்தது. வீட்டில் அந்த மென்பொருளில் கைவைப்பது நான் ஒருத்திதான் என்று அவனுக்குத் தெரியும்.

“நான்தான்” என்றேன், யாரும் கேட்காமலே. “உனக்காகத்தான்ணா.”

கடையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்காக என்ன சொல்லப்போகிறான் என்று, வழக்கம்போல, நான் அவன் முகத்தைப் பார்த்தேன். காலையில் நான் போட்டுவிட்ட பொத்தான்களோடு, அவன் ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனான்.