வலக்கைக்கு மாற்றிய பிரேக்

மெட்ரோவில் சைக்கிளை முதல் பெட்டியில் மட்டுமே ஏற்றலாம். நான் மூன்றாவது பெட்டியில் இருந்தேன். ஆகவே விதிப்படி இந்தப் பேச்சு என் காதில் விழுந்திருக்கவே கூடாது. லொங்குய் நிலையத்தில் ஏறிய இரண்டு தமிழ் இளைஞர்களில் ஒருவன், தன் மலைச் சைக்கிளைக் கதவை மறித்து நிறுத்தினான்.

“ஆல்ப்ஸுக்கு இதைக் கொண்டு போகேல்லை, மச்சான். அந்த இறக்கத்துக்கு இதின்ர ஸ்பிரிங் காணாது. அங்கயே நல்லதா ஒண்டு வாடகைக்கு எடுக்கப் போறன்.”

“டேய், இதில ஊர்ச் சைக்கிள் மாதிரி முன் பிரேக்கை வலக்கைக்கு மாத்தி வைச்சிருக்கிறாய். அங்க முன் பிரேக் இடக்கையில எல்லோ இருக்கும்?”

“மாத்தித் தரச்சொல்லி அந்த வாடகைக் கடைக்கு ஈமெயில் போட்டிட்டன்.”

“பதில் வந்ததோ?”

“வரும்.”

“வராட்டில்? பின் பிரேக் எண்டு நினைச்சு இடக்கையை அமத்துவாய். தலைகீழாப் பறப்பாய்.”

“என்ர கை என்ர சொல்லுக் கேக்கும்.”

அடுத்த மாதம் அதே வழியில் இருவரையும் மறுபடி கண்டேன். சைக்கிள் இல்லாததால் விதிமீறலும் இல்லை. சைக்கிள்காரனின் இடக்கை மாவுக்கட்டில் தொங்கியது. ஆல்ப்ஸிலிருந்து அவன் திரும்பியபின் அவர்களுக்கு அதுதான் முதல் சந்திப்புப் போலும்.

“கை சொல்லுக் கேட்டதோ?” என்றான் நண்பன்.

“ஞாயிறு முழுக்கக் கேட்டது, மச்சான். திங்கள் மத்தியானம் ஒரு மாடு குறுக்க வந்திட்டுது.”

“அப்ப கடைக்காரர் பதிலே போடேல்லையோ?”

“போட்டவை. சந்தோஷமா மாத்தித் தாறமாம்.”

“எப்ப போட்டவை?”

“திங்கள் பின்னேரம்.”