சங்கிலியில் அடுத்த பெயர்

"ஹலோ... யாரு? ... கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இங்க மீன் பொரியுது... ஆமா, மேக்ஸ்வெல்தான்... ஆமா, ஆமா, ஆர்.கே.புரம் மேக்ஸ்வெல்தான், வேற யாரு... அட, வினோலியா அக்காவா! ஸ்தோத்திரம்க்கா, ஸ்தோத்திரம். என்ன திடீர்னு? ... இருங்க, இருங்க, ஒரு துண்டைத் திருப்பிப் போட்டுட்டு வந்துருதேன்."

மேக்ஸ்வெல் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தில்லியில் சுர்மாயி என்று விற்கிற வஞ்சிர மீன் துண்டைத் திருப்பிப் போட்டார். சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மனைவி மரியா விடிந்ததும் விடியாததுமாக "ஆஸ்பத்திரியில ஒரு ஆளைப் பாக்கணும்" என்று கிளம்பிப் போயிருந்தாள். யாரை என்று இவர் கேட்கவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்ல மீன் கிடைத்த நாளில் அவர் யாரையும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை.

"ம், இப்ப சொல்லுங்க... என்னது? ... சங்கிலி ஜெபமா? ... பதினொண்ணுல இருந்து பதினொண்ணரை வரைக்கும் என் முறையா? ... அக்கா, நீங்க ஆள் மாறிப் போட்டுட்டீய. நான் கோயில் வாசலை மிதிச்சுப் பதினாலு மாசம் ஆச்சு. என் பேரு எந்த லிஸ்ட்டுல இருக்கப்போவுது? ரேஷன் கார்டுலயே இருக்கான்னு எனக்குச் சந்தேகம்... ... வாசிங்க பாப்போம்... ம்... அச்சா... என் நம்பரோட இருக்கா?"

சங்கிலி ஜெபம் தில்லித் தமிழ்ச் சபைக்காரர்களுக்குப் பழகிப்போன ஏற்பாடு. யாருக்காவது உயிர்க்கண்டம் என்றால் ஆளுக்கு அரை மணி நேரம், அவரவர் இருக்கிற இடத்தில் ஜெபிக்க வேண்டும். நேரம் முடிந்ததும் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போன். அவர் வாயைத் திறந்து ஜெபத்தைத் தொடங்கின பிறகுதான் முந்தின ஆள் போனை வைக்கலாம். ஒருவர் பஸ்ஸில் நின்றபடியே ஜெபித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கோ போய் இறங்கியிருக்கிறார். சங்கிலி மட்டும் இதுவரை அறுந்ததில்லை என்று சபைக்கு ஒரே பெருமை.

"லிஸ்ட் போட்டது யாரு? ... ஷ்ருதியா? வாலிபர் சங்கத்துப் பிள்ளையா? ... அதுக்குத் தமிழ் வாசிக்கவே வராதேக்கா! ... ஆமா, ஆமா, ஞானப்பாட்டையே இங்கிலீஷ்ல எழுதி வச்சுல்லா பாடும். பொறவு எப்படி? ... போன வருஷத்து லிஸ்ட்டை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து, மேல தேதியை மட்டும் மாத்தி... சபாஷ்! ... இல்லை, கோவம் இல்லை. பிள்ளை ஜல்தியில செஞ்சிருக்கும். நான் இன்னும் சபையில இருக்கேன்னு நம்புறது அந்த ஜெராக்ஸ் மெஷின் ஒண்ணுதான்... ... சிரிக்காதீய, உண்மையைத்தான் சொல்லுதேன்."

"... முந்தின ஆளும் எடுக்கலியா? ... ட்ரான்ஸ்ஃபர்ல போயிட்டாரா... அவருக்கு முந்தினவரு? ... நம்பரே மாறிப்போச்சா. அப்ப ஒன்பதரையில இருந்து நீங்க ஒத்தையிலயா ஜெபிக்கீய? ... எங்க வச்சு? ... வார்டுல பெட்ஷீட் அடுக்குற அறையிலயா! டியூட்டில இருந்துக்கிட்டா? ... பதினொண்ணேகாலுக்கு மருந்து குடுக்கப் போகணும்... ஆமா, ஆமா, அதை விட முடியாது. அப்ப சங்கிலி அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்க்கா. ஆண்டவர் என்ன மெட்ரோ ஸ்டேஷன் கதவா, ஒவ்வொருத்தரும் கார்டை வச்சாத்தான் திறக்கிறதுக்கு? ... இல்லை, கிண்டல் இல்லை... சரி, கிண்டல்தான். ஆமா. மன்னிச்சிருங்க."

"ஒண்ணு சொல்லலியே நீங்க. யாருக்கு ஆபரேஷன்? ... ... யாருக்கு?"

மேக்ஸ்வெல் கேஸை அணைத்தார். எண்ணெயின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"பெலிக்ஸா? ... நம்ம சபை செக்ரட்டரி பெலிக்ஸா? ... முடியாது. ... இல்லைக்கா, முடியாதுன்னா முடியாது. வேற யாருக்குன்னாலும் சொல்லுங்க. பக்கத்து வீட்டு நாய்க்குன்னாலும் ஜெபிக்கேன்."

அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று பதினாலு மாதமாக ஒரு சட்டம் நடப்பில் இருந்தது. போட்டவர் மேக்ஸ்வெல்தான். காலையில் மரியா 'ஒரு ஆள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதன் காரணம் இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்ன நடந்ததுன்னு கேக்கீயளா? நீங்களும் அங்கதான இருந்தீய! என் வீட்டு ஜெபக்கூட்டம், என் வீட்டுச் சமோசா. முடிவு ஜெபம் பண்ணுங்க பிரதர்னு நான்தான் அவனைக் கூப்பிட்டேன். என் வாய்க்குக் கொழுப்பு. ... பன்னிரண்டு நிமிஷம்க்கா! கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, 'ஆண்டவரே, ஆர்.கே.புரம், செக்டார் நாலு, ஐந்நூத்தி எண்பத்தொண்ணு, மேல்மாடியில குடியிருக்கிற உம்முடைய பிள்ளை மேக்ஸ்வெல்லைக் குடியின் கட்டுல இருந்து விடுவியும்'... எதுக்குக்கா அட்ரஸ்? விடுதலையைக் கூரியர்லயா அனுப்பப்போறாரு? ... ராமசுப்ரமணியன் சார் ரிட்டயர்மெண்ட் பார்ட்டியில ரெண்டு கிளாஸ் பீர். ரெண்டே ரெண்டு! அதுக்கு இருபது பேர் சுத்தி உக்காந்து ஆமென், ஆமென்னு... நீங்களும்தான் சொன்னீய. ... சொன்னீயக்கா, நான் ஒரு கண்ணைத் திறந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"... அன்பாலதான் செஞ்சான்... ஆமா, ஆமா, எல்லாரும் அன்பாலதான் செய்யுதீய. கீழ் வீட்டு ராஜலக்ஷ்மி மாமி, பாவம், சமோசாவுக்கு வந்தவங்க, மறுநாள் என்னைப் பாத்து 'லிவரெல்லாம் செக் பண்ணிண்டேளா'ன்னு கேக்காங்க. எனக்கு எப்படி இருக்கும்?"

கோபம் என்று அவர் சொல்லிக்கொண்டாலும் அது கோபம் இல்லை, வெட்கம். நேருக்கு நேர் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். ஒரு வாரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் பேசுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் மேக்ஸ்வெல் கோயிலுக்குப் போவதையே விட்டார்.

"... எத்தனை அடைப்பு? ... நாலா? அவன் முட்டையிலகூட வெள்ளைக்கருதான தின்பான்! ... ம்... எட்டு மணிக்கு உள்ள கொண்டு போனாவ, சரி... இப்ப என்ன சொல்லுதாவ? ... என்னது, மெஷின்ல இருந்து எடுக்க முடியலியா? ... அவன் இதயம் தானா ஓடணும், ஓட மாட்டேங்குது... ம்... ... ம். ... மரியா அங்கதான் இருக்காளா? ... அவன் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அவ. ... ஆமா. ஆமா, சட்டம் போட்டது நான்தான்."

மேக்ஸ்வெல் சட்டியில் இருந்த மீனைப் பார்த்தார். ஒரு பக்கம் கருகியிருந்தது. பெலிக்ஸ் செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை நெஞ்சுக்குள் வந்துபோனது; அது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"சரி, ஒரு வழி சொல்லுதேன். எனக்கு அடுத்த ஆள் யாரோ, அவருக்கு இப்பவே போட்டுருங்க. அரை மணி நேரம் முந்தினா ஒண்ணும் குடி முழுகிப்போகாது. ... யாரு? வாசிங்க... பதினொண்ணரையில இருந்து பன்னிரண்டு... ... திரும்ப வாசிங்கக்கா."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தானியேல் அண்ணாச்சியா? ... அவிய போயி ஆறு மாசம் ஆச்சே... ஆமா, ஜனவரிக் குளிர்ல... அவியளையும் சேத்து ஜெராக்ஸ் எடுத்துட்டாளா அந்தப் பிள்ளை!"

முதலில் சிரிப்புதான் வந்தது. பாதிச் சிரிப்பில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"... இல்லை, லைன்லதான் இருக்கேன். ... போன வருஷம் பதினொண்ணரைக்கு நான்தான்க்கா அவியளுக்குப் போன் போட்டேன். ஆண்டவர் சமாச்சாரமெல்லாம் அப்புறம், முதல் கேள்வி 'சாப்பிட்டியாலே?' ... ஆமா, ஆமா, ஜெபம் பண்ணும்போதே குறட்டை விடுவாவ! பாதியில முழிச்சு, விட்ட எடத்துல இருந்து தொடருவாவ. ... உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? அந்தப் பன்னிரண்டு நிமிஷ ஜெபத்துக்கு மறுநாள் எங்க வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு ஆள். அவியதான். மூணு துண்டு மீன் தின்னாவ. குடியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. போகும்போது 'உப்பு கொஞ்சம் தூக்கல்லே'ன்னுட்டுப் போனாவ. அவ்வளவுதான்."

"... அடக்கத்துக்கு வந்தேன்க்கா. யாருக்கும் தெரியாது, மரியாவுக்கும் சொல்லல. கல்லறைத் தோட்டத்து கேட் வரைக்கும் வந்தேன். உள்ள பெலிக்ஸ் நின்னு பாட்டு நடத்திட்டு இருந்தான். அவன் தலையைப் பாத்ததும் திரும்பிட்டேன். ஒரு பிடி மண்ணு போடல நான். அவன் மேல உள்ள வீம்புல அண்ணாச்சிக்கு ஒரு பிடி மண்ணு போடல... ... இல்லை, அழல. எண்ணெய்ப் புகை."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. புகை எல்லாம் எப்போதோ போய்விட்டது.

"அவிய நம்பர் இன்னும் போன்ல இருக்கு. அழிக்க மனசு வரல. பதினொண்ணரைக்கு நான் யாருக்குப் போடுவேன், சொல்லுங்க? ... அவியளுக்கு அடுத்து பன்னிரண்டு மணிக்கு யாரு? ... பாஸ்டரா? அவரு எடுப்பாரு. ... என்னது? அவிய பங்கையும் நானா? ஒரு மணி நேரமா! அக்கா, அரை மணிக்கே முடியாதுன்னுல்லா சொல்லிட்டு இருக்கேன்! காய்கறிக்காரன்கூட இப்படி ரெண்டு மடங்கு ஏத்த மாட்டான்... ... ம். ... ம். ... தெரியும்க்கா. தானியேல் அண்ணாச்சி முறையில சங்கிலி அறுந்துதுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. அது மட்டும் கூடாது. ... சரி. ... சரின்னு சொல்லிட்டேன்லா! பெலிக்ஸுக்காக இல்லை, கேட்டீயளா? அண்ணாச்சிக்காக."

"ஆனா ஒண்ணு, முழங்கால்ல நிக்க மாட்டேன். மூட்டுவலி. ஸ்டூல்ல உக்காந்துதான். ... உருகி உருகியெல்லாம் எனக்கு வராது. பெலிக்ஸை நேசிக்கிறேன்னு சொல்ல மாட்டேன், சொன்னா ஆண்டவரே சிரிச்சிருவாரு... ... மணி என்ன? பதினொண்ணு பதிமூணா? ஓடுங்க, நீங்க போயி மருந்தைக் குடுங்க. ... நான் தொடங்கினாத்தான் வைப்பீயளா? நல்ல ரூல்ஸ்க்கா உங்க ரூல்ஸு. என் மேல அவ்வளவு நம்பிக்கை! ... கண்ணை மூடிட்டேன். ... மூடிட்டேன்க்கா, இது என்ன வீடியோ காலா?"

மேக்ஸ்வெல் உண்மையாகவே கண்ணை மூடியிருந்தார்.

"ஆண்டவரே... நான் மேக்ஸ்வெல். ரொம்ப நாளாச்சு. உமக்கும் எனக்கும் ஒண்ணும் தகராறு இல்லை, உம்முடைய ஆளுகளோடதான். அது இருக்கட்டும். பெலிக்ஸ்னு ஒருத்தன். கிட்வாய் நகர், டைப் த்ரீ குவார்ட்டர்ஸ், நூத்தி நாப்பத்திரண்டு, தரைத்தளம்... ... அக்கா, குறுக்க சிரிக்காதீய, ஜெபம் ஓடிட்டிருக்கு. ... உமக்குத் தெரியாத அட்ரஸ் இல்லை. ஆனா அவன் ஜெபம்னா அட்ரஸோடதான் செய்வான், அதனால அவனுக்கும் அப்படியே செய்யுதேன். இப்ப அந்த வீட்டுல இல்லை. ஆபரேஷன் மேசையில, நெஞ்சைத் திறந்து போட்டுக் கிடக்கான். கண்ணை மூடிக்கிட்டு. அவனுக்கு எப்பவும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வேலை..."

குரல் உடைந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

"அவனைத் தூக்கி விடும் ஆண்டவரே. அவன் கண்ணைத் திறக்கணும். எனக்கு அவன்கிட்டக் கேக்க வேண்டியது நெறைய இருக்கு. எல்லாத்தையும் பதினாலு மாசமாச் சேத்து வச்சிருக்கேன். திறந்தாத்தான் நான் சண்டை போட முடியும். அவன் முகத்தைப் பாத்து, நல்லாப் போடணும். அது முடியாமப் போயிரக்கூடாது. கல்லறை கேட்டுல இன்னொரு தடவை என்னால நிக்க முடியாது... அவன் நுரையீரல், சிறுநீரகம், எல்லாத்தையும் பாத்துக்கும். அவன் பொண்டாட்டியையும் பாத்துக்கும். பக்கத்துல மரியா இருக்கா, அவ ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா..."

வினோலியா எப்போதோ போனை வைத்துவிட்டாள். மேக்ஸ்வெல் அதைக் கவனிக்கவில்லை. செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். கூடத்துக் கடிகாரம் பதினொன்றரை அடித்தபோது மட்டும் ஒரு கணம் நிறுத்தினார். கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னும் சாப்பிடல அண்ணாச்சி" என்றார். பிறகு அடுத்த அரை மணியைத் தொடங்கினார்.